கோணல் தையலும் சனிக்கிழமைச் சம்பளமும்

வா கண்ணு, உக்காரு. கட்டில்ல கிடக்கற புளியங்கொட்டையை அக்கட்ட தள்ளு. பனியன் கம்பெனிக்கு எச்ஆர் மேனேசர் ஆனதுல இருந்து அப்பிச்சி ஊட்டுப் பக்கம் வரவே நேரமில்லைன்னு உங்கம்மிச்சி குறைபட்டுட்டிருந்தா. மூஞ்சியே சரியில்லையே?

வாரக் கடைசியில தையல் கோணிக்குதாக்கும். செக்கிங்ல பாதி திரும்பி வருதாக்கும். அதுக்குப் படிச்ச மனுசன் ஒருத்தரைக் கூட்டியாந்து, கேட்டுக்குள்ள "உழைப்பே உயர்வு"ன்னு போர்டு மாட்டுனீங்களா? பார்த்த உடனே டெய்லருக திருந்தியிருப்பாங்களே! இல்லையா? லேட்டா வந்தா அம்பது ரூபாய் பிடித்தம்னீங்க, அப்புறம் லேட்டு எச்சாயிருச்சா? ஆகாம பின்ன.

எனக்கென்ன தெரியும், மாட்டு வாலைப் புடிச்சுத் திரிஞ்சவன். பக்கத்துத் தோட்டத்து அம்மிணி வேளாண் காலேஜ்ல படிக்குது. பொழுதோட வந்து போனைப் பார்த்து ஏதாச்சும் படிச்சுச் சொல்லும். இஸ்ரேல்ல ஹைஃபான்னு ஒரு ஊராம். காப்பகத்துல உட்ட பிள்ளையைக் கூப்பிடப் பெத்தவங்க லேட்டா வர்றாங்கன்னு, பத்துக் காப்பகத்துல ஆறுல மட்டும் அபராதம் போட்டுப் பார்த்தாங்களாம். கினீசி, ருஸ்டிகினின்னு ரண்டு வாத்தியாருக 2000-ல எழுதுனது. லேட்டு குறையல, ரண்டு மடங்காயிருச்சு. டீச்சர் மூஞ்சிக்குக் கூச்சப்பட்டு ஓடியாந்தவன், இப்பக் காசைக் கட்டீட்டு ஆற அமர வர்றான். அபராதத்தை எடுத்த பொறகும் போன கூச்சம் திரும்பலையாம். உன்ற டெய்லரும் அம்பது ரூபாய்க்கு அரை மணி நேரத் தூக்கம் வாங்கிக்கறான். நெம்ப மலிவு கண்ணு. நானா இருந்தா ஒரு மணி நேரமா வாங்கியிருப்பேன்.

கோணல் தையலுக்கு வருவோம். நம்ம கரும்பு வெட்டறதுக்கு முந்துன மாசம் நான் எப்படியிருப்பேன்னு உங்கம்மிச்சியைக் கேளு. மோட்டாரைப் போட்டுட்டு மடை திருப்ப மறந்து, தண்ணி அடுத்தவன் காட்டுக்குப் பாயும். ஆலைப் பணம் கைக்கு வந்த வாரம் இதே மண்டை கணக்குல புலி. நான் சனி பார்வைன்னு திருநள்ளாறு வரைக்கும் போய்ட்டு வந்தேன்! தமிழ்நாட்டுல பொறந்த செந்தில் முல்லைநாதனும் அவரு கூட்டாளிகளும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 ஊர்ல 464 கரும்பு விவசாயிகளுக்குப் புதிர் போட்டுப் பார்த்திருக்காங்க. வெட்டறதுக்கு முன்னால ஒருக்கா, பின்னால ஒருக்கா. 2013-ல வந்த ஆராய்ச்சி. ஆளு அதே ஆளுதான். கை காஞ்சிருக்கறப்ப மண்டை மழுங்குது, பணம் வந்ததும் தெளியுது. திருநள்ளாறு போன பஸ் சார்ஜு எனக்குத் தண்டம்.

ஒடிசாவுல இலைத்தட்டுத் தைக்கறவங்களுக்குக் கூலியில ஒரு பைசா ஏத்தாம, கொஞ்சத்தை மட்டும் முன்னாடியே கொடுத்துப் பார்த்தாங்களாம். வேலை 7 சதவீதம் ஏறுச்சு, தப்பும் குறைஞ்சுதாம்.

உங்க கம்பெனியில சம்பளம் என்னிக்கு? சனிக்கிழமை பொழுதோட. வியாழக்கிழமை டெய்லரு டேபிள்ல குனிஞ்சுதான் இருப்பான். மனசு மளிகைக்கடை பாக்கி நோட்டுல நிக்கும், வாசல்ல வட்டிக்காரன் பைக் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிட்டு நிக்கும். ஓவர்லாக் ஊசி எங்க நேரா ஓடறது?

நானும் யோக்கியனில்லை. ஒருக்கா தேங்கா பறிக்கறவனை "பொழுதோட வா, தர்றேன்"னேன். அவன் முத்தல் இளசு பாக்காம குலை குலையாத் தள்ளிட்டான். இப்பெல்லாம் மரத்துல இருந்து இறங்குன கையோட காசு, ஒரு போசி மோரு.

ஒரு லைனுக்கு மட்டும் புதன்கிழமை பாதிச் சம்பளம் கொடுத்துப் பாரு. இன்னொரு லைன் பழையபடி சனிக்கிழமையே வாங்கட்டும். நாலு வாரம் கழிச்சு ரண்டு லைனோட செக்கிங் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வை. அக்கவுண்ட்ஸ்காரரு வேலை எச்சுன்னு மொனகுவாரு. அவரு சம்பளத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டாப் புரிஞ்சுக்குவாரு.

ஆமா, அந்தப் போர்டுக்காரருக்கு எவ்வளவு கொடுத்தீங்க? அடேங்கப்பா! எனக்கு அதுல பாதி போதும் சாமி. சனிக்கிழமை தர்றேன்னு மட்டும் சொல்லீராதே, வியாழக்கிழமை என்ற யோசனையும் கோணிக்கும்.