மாஸ்கோ போனால் கூலி குறையும்

அமெரிக்காவில் மாஸ்கோ என்றொரு ஊர் உண்டு, ஐடஹோ மாநிலத்தில். பெயரைப் பார்த்து, அங்கே தொழிலாளர் ஆட்சி நடப்பதாக யாரும் மூட்டை கட்ட வேண்டாம். 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். மத்திய அரசு 2009இல் போட்ட கோடு அது. முட்டை விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. கோடு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. மேற்கே சுமார் 13 கிலோமீட்டர் போனால் புல்மன். அது வாஷிங்டன் மாநிலம். அங்கே அதே ஆண்டு 16.66 டாலர். தூக்குகிற தட்டின் கனம் என்னவோ இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

பரிமாறுகிறவர் பாடு இன்னும் விசேஷம். மாஸ்கோவில் முதலாளி தன் கையிலிருந்து 3.35 தந்தால் போதும். மீதியை வாடிக்கையாளரின் டிப்ஸ் பார்த்துக்கொள்ளும். டிப்ஸ் சேர்ந்தும் 7.25 எட்டாவிட்டால் குறையை முதலாளியே நிரப்ப வேண்டும் என்கிறது சட்டம். நல்ல சட்டம். கேட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி. அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிப்டு என்று எழுதுவதும் அதே முதலாளிதான்.

சரி, நகராட்சியாவது மனமிரங்கிக் கூலியை ஏற்றலாமே? கூடாதென்று 2016இல் மாநிலமே சட்டம் போட்டுவிட்டது.

ஐடஹோவை மட்டும் திட்டுவானேன்? ஜார்ஜியாவின் சட்டப் புத்தகத்தில் 5.15 டாலர்தான், மத்தியச் சட்டம் குறுக்கே நிற்பதால் பெரும்பாலோர் தப்பித்தார்கள். அலபாமா உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள் சொந்தமாக எந்தத் தொகையுமே எழுதவில்லை. எழுதினால் அப்புறம் திருத்த வேண்டி வரும், பாருங்கள்.