கழுவுகிறவன் கட்சி

சமையல் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அடுப்புப் பக்கத்து ஆட்கள். எவ்வளவு பொடியாக நறுக்குகிறது, எவ்வளவு நைசாக அரைக்கிறது, எத்தனை விசிலில் பருப்பு மலர்கிறது என்று விலாவாரியாக எழுதுவார்கள். பந்தி முடிந்ததும் கட்டுரையும் முடிந்துவிடும். என் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கோவையிலுள்ள எங்கள் வீட்டில் சமையல் மனைவியின் இலாகா, பாத்திரம் கழுவுவது என் இலாகா. இலாகா மாற்றம் பற்றி அவ்வப்போது பேச்சு எழும். நான் வைக்கும் ரசத்தை யாராவது நினைவுபடுத்துவார்கள், பேச்சு அடங்கிவிடும்.

ஆகவே இது சிங்க் பக்கத்திலிருந்து எழுதப்படும் விமர்சனம். உலக இலக்கியத்தில் இந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறது. குக்கரின் மூதாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் பிறந்த டெனி பாப்பென் என்பவர் 1679-ல் லண்டனில் அதைச் செய்து காட்டினார். ஆவி மிஞ்சிப்போனால் வெளியேறப் பாதுகாப்பு வால்வும் வைத்தார். 1682-ல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்தும் படைத்தார். அந்த விருந்தைச் சாப்பிட்ட ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார். மாட்டெலும்பு பாலாடைக்கட்டி மாதிரி குழைந்துவிட்டதாம். அதற்கு எட்டு அவுன்ஸ் கரிகூடச் செலவாகவில்லையாம். கரியை எடை போட்டவர்கள், எலும்பு கரைந்து பிசின் பிடித்த அந்தப் பாத்திரத்தை யார் கழுவினார் என்று ஒரு வரி எழுதவில்லை. முந்நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாகியும் நிலைமை மாறவில்லை.

குக்கரை நான் குறை சொல்ல மாட்டேன். மூடியபடி அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது, காஸ் மிச்சம். எல்லாம் சரி. ஆனால் அடுப்பில் ஒரே பாத்திரமாக ஏறுவது, சிங்க்குக்கு வரும்போது குடும்பமாக வருகிறது: அடுக்குப் பாத்திரங்கள், தட்டு, மூடி, கேஸ்கெட், வெயிட். இதில் வெயிட்டும், அது உட்காரும் குழாயும்தான் முக்கியம். பருப்பு நுரை பொங்கி அந்தத் துளையில் காய்ந்துவிட்டால் ஆவிக்கு வழியில்லை. அப்புறம் பாப்பென் வைத்த வால்வைத்தான் நம்ப வேண்டும். அதனால் மூடியைக் கழுவியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை வழியே ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பேன். "ஏனுங்க, நட்சத்திரம் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள் மனைவி. தெரிந்தால்தான் மறுநாள் சாம்பார்.

கிரைண்டர் எங்கள் ஊர்ப் பெருமை. 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார் என்பது இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை, உளுந்து பொங்கப் பொங்க அரைபடுகிறது, இட்லி பூவாக வருகிறது. பெருமை அத்தோடு நிற்கட்டும். மாவை வழித்த பிறகு அந்தக் குழவியைத் தூக்கிக் கழுவ வேண்டும். குழவியில் ஒட்டிய மாவு ஈரமாக இருக்கும்போது விரலுக்கு வந்துவிடும். ஒரு சீரியல் பார்த்துவிட்டு வந்தால் சிமெண்ட். அடுத்த கட்டமாக வந்தது டில்டிங் கிரைண்டர். கல்லைத் தூக்கும் முதுகைப் பற்றி யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அவரை எங்கே கண்டாலும் கும்பிடுவேன்.

மிக்ஸியின் கதை வேறு. வெளிநாட்டு மிக்ஸி நம் மசாலாவுக்குத் தாக்குப்பிடிக்காமல் படுத்துவிட, நமக்கென்று ஒன்று செய்யலாமே என்று மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் 1963-ல் இறங்கினார். அப்படிப் பிறந்ததுதான் சுமீத். 2011-ல் தமிழ்நாட்டு அரசே விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியது. கழுவும் ஆளையும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மிக்ஸியில் பிளேடுக்கு அடியில் ஓர் இடம் உண்டு. விரல் போகாது, நார் போகாது, தேங்காய்ச் சட்னி மட்டும் போகும். இதற்கு நம் வீட்டுப் பெண்கள் என்றைக்கோ வழி கண்டுவிட்டார்கள். அரைத்து வழித்ததும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று விட்டு, அந்த அலசின தண்ணீரைக் குழம்பிலேயே ஊற்றிவிடுவது. மசாலாவும் வீணாகாது, ஜாரும் பாதி சுத்தம். சிக்கனம் என்று அதற்குப் பெயர் சொன்னாலும், அதில் கழுவுகிறவன் மேல் ஒரு கருணையும் இருக்கிறது.

இனி பொருட்காட்சிச் சாமான்கள். அங்கே மைக் மாட்டிக்கொண்டு ஒருவர் கேரட்டை நட்சத்திரமாக, வெள்ளரியைச் சுருளாக, உருளைக்கிழங்கை வலையாக வெட்டிக் காட்டுவார். கூட்டம் வாயைப் பிளக்கும். நான் அவர் கையைப் பார்ப்பதில்லை, மேஜைக்கு அடியில் இருக்கும் பக்கெட்டைப் பார்ப்பேன். வெட்டி முடித்த கருவியை அவர் அதில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரிப்பார். கழுவிக் காட்டிய விற்பனையாளரை இன்றுவரை நான் கண்டதில்லை.

இந்த மேஜைக்கு நிரந்தர வாடிக்கையாளர் என் மைத்துனன். வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒன்று வாங்கி வருவான்.

"மாமா, இது பன்னெண்டு வேலை செய்யும்."

"பதிமூணாவது வேலை?"

"அது என்னங்க மாமா?"

"தன்னைத் தானே கழுவிக்குமா?"

அவன் சிரித்துவிட்டுக் காபி கேட்பான். பன்னிரண்டு வேலைக்கும் பன்னிரண்டு தகடு, ஒவ்வொரு தகட்டிலும் பல், ஒவ்வொரு பல்லிடுக்கிலும் கொத்தவரங்காய் நார். கயிறு இழுத்து நறுக்கும் டப்பாவின் மூடிக்குள் போன தண்ணீர் திரும்பி வராது; மறுநாள் குலுக்கினால் கலகலவென்று பேசும். பூண்டு நசுக்கியில் இரண்டு பல் பூண்டு போட்டால் ஒரு பல் குழம்புக்கு, ஒரு பல் துளைகளுக்கு. அதே இரண்டு பல்லைக் கத்தியைப் படுக்க வைத்து ஒரு குத்து விட்டால் தோலும் கழன்றுவிடும். கழுவ வேண்டியது கத்தி ஒன்றுதான். பன்னிரண்டு வேலைக்காரர் இப்போது பரண்மேல் ஓய்வில் இருக்கிறார்.

அடுத்தது, சமையலறையின் ஜமீன்தார்கள். இவர்களைக் கழுவலாம், ஆனால் தொடக்கூடாது. ஈயச்சொம்பில் வைக்கும் ரசத்துக்கு ஈடு கிடையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொம்பின் வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போனை எடுத்தால், பேசி முடிப்பதற்குள் சொம்பு தரையைத் தேடும். கழுவும்போதும் கம்பி நார் ஆகாது, அழுத்தவும் ஆகாது. இரும்புத் தோசைக்கல்லுக்கோ சோப்பு ஆகாது என்பார்கள். எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு படிந்த மெல்லிய படலம்தான் தோசையை ஒட்டாமல் எழுப்புகிறது, தேய்த்தெடுத்தால் போச்சு. ஒரு நாள் முதல் தோசை கல்லோடு கட்டிக்கொண்டு கிடந்தால், என் மாமியார் என்னைப் பார்க்காமல் மகளிடம் சொல்வார்: "மாப்பிள்ளை கல்லுக்குச் சோப்புப் போட்டுட்டாராட்ட இருக்குது." மாவு புளிக்கவில்லையா, கல் காயவில்லையா என்ற விசாரணையே கிடையாது.

நான்-ஸ்டிக் மட்டும் எங்கள் கட்சிக்காரர்களால் வந்த பொருள். அந்தப் பூச்சுக்கான வேதிப்பொருளை 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்டார். பிரான்சில் மார்க் கிரெகுவார் அதைத் தன் தூண்டில் சாமான்களுக்குப் பூசிக்கொண்டிருந்தபோது, "அதை என் சட்டிக்குப் பூசக்கூடாதா?" என்று கேட்டவர் அவர் மனைவி என்று சொல்வார்கள். மீனைப் பற்றிக் கணவர் யோசித்தார். கழுவுவதைப் பற்றி அம்மணி யோசித்தார். அதற்காகவே கீறல் விழாமல் பஞ்சால் துடைத்து வைக்கிறேன்.

"இவ்வளவு புலம்பலுக்கு ஒரு டிஷ்வாஷர் வாங்கலாமே" என்பீர்கள். 1886-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஜோசபின் காக்ரேன் பணக்கார வீட்டுப் பெண். வேலையாட்கள் கழுவும்போது பீங்கான் தட்டுகள் உடைந்ததால் கோபம் வந்து செய்தது அது. பீங்கான் தட்டுக்காகப் பிறந்த இயந்திரத்திடம் அடிப்பிடித்த பால் சட்டியைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன்பு நீங்களே ஒருமுறை தேய்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அலுமினியச் சட்டியைப் போட்டால் நிறம் மங்கிவிடும், இரும்புக் கல்லைப் போட்டால் துருப்பிடிக்கும். இட்லித்துணியை அதில் யாரும் போடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அப்படியானால் எங்கள் கட்சியின் வேட்பாளர்கள் யார்? முதல் இடம் இடுக்கிக்கு. சூடான பாத்திரத்தை இறக்கும், தன் மேல் ஒரு பருக்கை படாது. இரண்டாவது அரிவாள்மனை: ஒரே அலகு, ஒரே துடைப்பு, வேலை தீர்ந்தது. மூன்றாவது தோசைத்திருப்பி. நான்காவது காபி பில்டர். தூளைத் தட்டிவிட்டு வெந்நீரில் அலசினால் போதும். முறுக்கு அச்சு துளைகளோடு வந்தாலும், தீபாவளியை முன்னிட்டு அதற்கு மன்னிப்பு உண்டு. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று அதற்காகவே வைத்திருக்கிறேன். இவற்றில் எதற்கும் விளம்பரம் கிடையாது, வாரண்டி அட்டையும் கிடையாது.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய கருவி ஏதாவது கண்ணைப் பறித்தால், அது என்னவெல்லாம் செய்யும் என்று கேட்காதீர்கள். எத்தனை பாகமாகக் கழலும், விரல் எங்கெல்லாம் போகும் என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரைக் கூடவே அழைத்துப் போங்கள். அவர் முகம் சுளித்தால் பொருளை அங்கேயே வைத்துவிட்டு, அந்தக் காசுக்கு நல்லதாக ஒரு இடுக்கியும் நாலு தேங்காய் நாரும் வாங்கி வாருங்கள்.