ஓசியா, சந்தாவா?

கேள்வி: பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படம் போட ஆட்டோகேட் வாங்கலாமா, சாலிட்வொர்க்ஸா, இலவச ஃப்ரீகேடே போதுமா?
– வாசகர், கணபதி, கோவை.

பதில்: உங்களுக்கு ஆர்டர் தருகிற கம்பெனி எதில் படம் அனுப்புகிறது? படியளக்கிறவர் திறப்பதுதான் நல்ல சாப்ட்வேர். மற்றதெல்லாம் யூடியூப் சண்டை.

தட்டையான 2டி படம்தான் வருகிறதென்றால், ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பைத் திறக்கும் மலிவான சாப்ட்வேர் ஒன்றே போதும். ஆட்டோகேடேதான் வேண்டுமா? காசு கொடுத்துச் சொந்தமாக்கும் வழியை 2016-லேயே அடைத்துவிட்டார்கள். இப்போது சந்தாதான், கட்டாவிட்டால் கதவு திறக்காது.

இம்பெல்லர் மாதிரி வளைந்து நெளிந்த சமாச்சாரத்துக்கு 3டி வேண்டும். சாலிட்வொர்க்ஸில் ஓர் அளவை மாற்றினால் மாடல், படம், அசெம்பிளி எல்லாம் தானே மாறும். விலையைக் கேட்டால் உங்கள் முகமும் மாறும்! ஃப்ரீகேடும் இந்த வேலையைச் செய்யும். என்ன, முன்பெல்லாம் ஒரு துளையை நகர்த்தினால் இந்த ஓரத்தில் போட்ட வளைவு அந்த ஓரத்துக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தக் குரங்குச் சேட்டை பெருமளவு அடங்கிவிட்டது. பொறுமை இருந்தால் முதலில் அதைப் பழகிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் ஸ்டெப் கோப்பாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லா 3டி கேட் சாப்ட்வேரும் அதைப் படிக்கும். வரைந்த படிகள் மட்டும் அதில் தங்காது.

'பையன் கிராக் போட்டுத் தருகிறேன் என்கிறான்' என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அதோடு வக்கீல் நோட்டீஸும் இலவசமாக வரும்.