கால் யானை

உளுந்தூர்பேட்டைக்காரர்கள் பொய் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஊரையொட்டி இருக்கிற உளுந்தாண்டார்கோயில்தான் காரணம். மிளகு மூட்டையோடு வந்த வியாபாரியிடம் சிவபெருமான் கிழவர் வேடத்தில் வந்து, மருந்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்டாராம். "இது மிளகு இல்லை பெரியவரே, உளுந்து" என்று சொல்லிவிட்டார் வியாபாரி. பிறகு அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் உளுந்து! இன்றைக்கு உளுந்து விற்கிற விலைக்கு அதைத் தண்டனை என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் சின்ன வயதில் கேட்ட கதை, லேசில் விடாது.

சித்திரை வந்தால் பக்கத்தில் கூவாகம் களைகட்டும். கூத்தாண்டவரைக் கும்பிட நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வருவார்கள். அவர்கள் பின்னாலேயே கேமராக்களும் வரும். வருடா வருடம் மற்றவர்கள் படம் பிடிப்பதை வேடிக்கை பார்த்து அலுத்துப்போய், நாமும் ஒருதரம் வெளியூருக்குப் போய்ப் படம் பிடித்தால் என்ன என்று தோன்றியது. அதே மாதம்தான் கேரளாவில் திருச்சூர் பூரம் திருவிழாவும். அந்த மாதத்தை மலையாளத்தில் மேடம் என்பார்கள். "மேடத்தைப் பார்க்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னதில் ஒரு மணி நேரம் விளக்கத்திலேயே போனது.

சின்னசேலம், ஆத்தூர், சேலம், கோவை, பாலக்காடு என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்தப் பூரமே தாமதமாக வந்தவர்களால் பிறந்ததுதான். மழையில் மாட்டி ஆராட்டுப்புழா பூரத்துக்குப் பிந்தி வந்த திருச்சூர்க் கோயில்காரர்களை அங்கே சேர்த்துக்கொள்ளவில்லையாம். கொச்சி மன்னர் சக்தன் தம்புரான் கோபப்பட்டு, "நம் ஊரிலேயே நடத்துவோம்" என்று வடக்குநாதர் கோயிலைச் சுற்றி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்து வைத்தார். பஸ்ஸை விட்டவனுக்கு இப்படி ஒரு ராஜா கிடைத்தால் நானும் உளுந்தூர்பேட்டையில் நாலு திருவிழா ஆரம்பித்திருப்பேன்.

தேக்கின்காடு மைதானத்தில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனி மேடை. கேரளாவுக்கு நானும் வெளியூர்தானே என்று கேட்டுப் பார்த்தேன். காவலர் என் வேட்டியைப் பார்த்தார்; பதில் சொல்லவில்லை.

இலஞ்சித்தற மேளம் காதில் விழுந்தது. காதுக்கு டிக்கெட் கிடையாது. நூற்றுக்கணக்கான செண்டையும் கொம்பும் ஒன்றாக ஏறும்போது நெஞ்செலும்பு தானாகத் தாளம் போட்டது. அந்த மேளத்துக்காகவே இன்னொரு தரம் இத்தனை பஸ்ஸும் மாறலாம்.

சாயங்காலம் குடைமாற்றம். பாறமேக்காவு கோயில் பக்கம் 15 யானை, திருவம்பாடி கோயில் பக்கம் 15 யானை. நெற்றிப்பட்டம் மின்ன எதிரெதிரே நிற்கும். அவற்றின் மேல் நிற்பவர்கள் பட்டுக்குடைகளைப் போட்டி போட்டு மாற்றுவார்கள். கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் யானைகளுக்குப் பின்பக்கம் சேர்த்தது. எனக்குத் தெரிந்தது ஒரு வால், ஒரு பின்னங்கால், அதில் சங்கிலி. முன்னால் இருந்தவர் செல்போனைத் தூக்கிப் பிடித்ததால் குடைகளை அவர் திரையில் பார்த்தேன். அதிலும் பாதியில் அவருக்கு மனைவியிடமிருந்து அழைப்பு.

அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு வழி? யானை ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் பாரத்தைச் சாய்த்தது. என் முட்டியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. தன் முதுகில் எந்தக் கலர் குடை மாறுகிறதென்று அதற்கும் தெரியாது. நானாவது அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது, இரிஞ்ஞாலக்குடா பக்கம் ஒரு கோயிலுக்கு 2023இல் எந்திர யானையே வந்துவிட்டது என்றார்கள். ஏறக்குறைய 11 அடி உயரம், 800 கிலோ. மின்சாரத்தில் தலையாட்டும், காதாட்டும். வெயிலும் வெடியும் அதை ஒன்றும் செய்யாது என்பது நல்ல சேதிதான். எங்கள் தெருவுக்குத்தான் சரிப்படாது, ஊர்வலம் பாதியில் கரண்ட் போனால் எந்தப் பாகன் தள்ளுவான்?

ஊருக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று அரை கிலோ மிளகு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி, "டிவியில முப்பது யானையும் வரிசையா காட்டினாங்க, அவ்ளோ அழகு! நீங்க நேர்ல எத்தினி பாத்தீங்க?" என்றாள். முப்பது என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மிளகுப் பை இன்னும் கையில் இருந்தது.

"கால் யானை" என்றேன்.