கோட்டைக்குள் கல்யாண கோஷ்டி

தரங்கம்பாடி அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே வரக் கிளம்பியவர்கள் அல்ல. திருக்கடையூரில் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து, பந்தியும் ஆனபின், "பக்கத்துலதான் சார், ஒரு கோட்டை இருக்கு" என்று வேன்காரர் கிளப்பிவிடுவார். அவ்வளவுதான், பட்டுப்புடவைகள் சரசரக்க வரலாறு தொடங்கிவிடும்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை இது. கண்ணாடிப் பெட்டிகளை நாத்தனார் ஒரே மூச்சில் கடந்து, வாசலில் போய் நிற்பார். அப்பா மட்டும் ஒவ்வொரு அட்டையையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல உரக்க வாசிப்பார். 1845-இல் இந்த ஊரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து டேனியர் ஆங்கிலேயருக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்ற கதை வந்ததும் அவர் குரல் தழுதழுக்கும்.

"இந்தக் காசுக்கு இப்ப மாயவரத்துல நல்ல மனை ஒண்ணு வராதேம்மா!"

கீழ்த்தளத்தில் அக்காலத்தில் சரக்குக் கிடங்கும், பீரும் ஒயினும் அடுக்கிய அறைகளும், சிறையும் இருந்தன. மாமாவுக்குத் தொல்லியலில் ஆர்வம் பிறப்பது இந்த இடத்தில்தான். பிள்ளைகளோ அதற்குள் கடற்கரைக்கு இறங்கியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, கடல் அட்டை எழுதி மாட்டவில்லை.

இந்தக் கதையில் கட்டாயம் பார்க்கவேண்டிய பொருள், நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம். அதன் அசல் கோபன்ஹேகனில் இருக்கிறது. வேன் அதுவரை போகாது.