கதவைத் தட்டிய ராஜா, சுவரை இடித்த கலெக்டர்

மதுரையில் முதன்முதலாக நைட் பீட் போனவர் யார் தெரியுமா? சாட்சாத் பாண்டிய மகாராஜா. கூட ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லை. ஓவர்டைம் படியும் கிடையாது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கீரந்தை என்பவர் வெளியூர் கிளம்புகிறார். தனியாக இருக்கப் பயமாயிருக்கிறது என்கிறாள் மனைவி. “ராஜா காவல் இருக்கும்போது உனக்கென்னடி பயம்?” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார். இருட்டில் நின்று இதை ஒட்டுக்கேட்ட ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு மட்டும் ஸ்பெஷல் ரவுண்ட்ஸ். ஒருநாள் ராத்திரி உள்ளே ஆண்குரல் கேட்கிறது. விடுவாரா? படபடவென்று கதவைத் தட்டிவிட்டார். உள்ளே இருந்தது ஊர் திரும்பிய கீரந்தையேதான்!

நடுராத்திரியில் உன் வீட்டுக் கதவை எவன் தட்டுகிறான் என்று புருஷன் பெண்டாட்டியை முறைக்க, வெளியே மாமன்னருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. தான் யாரென்று சொல்ல வெட்கம். சொல்லாமல் போனால் ஒரு குடும்பம் குலையும். யோசித்தார். அந்தத் தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டிவிட்டு எடுத்தார் ஓட்டம். காலிங்பெல்லை அமுக்கிவிட்டு ஓடுமே வாண்டுகள், அதேதான். என்ன, இந்த வாண்டு கிரீடம் வைத்திருந்தது.

விடிந்ததும் தெருவே திரண்டு அரண்மனையில் கம்ப்ளெய்ண்ட். தட்டியவன் கையை வெட்ட வேண்டும் என்று சபை சொல்ல, “அந்தக் கை இதுதான்” என்று தன் கையையே வெட்டிக்கொண்டார் ராஜா. பிறகு பொன்னால் கை செய்து மாட்டி, பொற்கைப் பாண்டியன் ஆனார். குற்றவாளியே விசாரணை அதிகாரியாக இருந்த கேஸ்கள் நம் நாட்டில் ஏராளம். தீர்ப்பு இப்படி வந்த கேஸ் இது ஒன்றுதான்.

கதையை விடுங்கள், ரெக்கார்டுக்கு வருவோம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் ராத்திரி மதுரை அப்படியே இருக்கிறது. திருடர்கள் கறுப்பு உடை போட்டிருக்கிறார்கள். கையில் வாள், சுவர்மேல் ஏற இடுப்பில் சுற்றிய நூலேணி, கன்னம் வைக்க உளி. ஊர் காவலர்களோ கொட்டும் மழையிலும் நடுஜாமத்தில் தெருத் தெருவாகச் சுற்றுகிறார்கள். திருட்டின் நெளிவு சுளிவெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. புலவருக்கும் அத்துப்படியாக இருந்திருக்கிறது என்பதுதான் நமக்கு லேசாக இடிக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் வந்தார். இந்த நடந்து திரிகிற காவலெல்லாம் சரிப்படாது, சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டால் ஜோலி முடிந்தது என்று முடிவு கட்டினார். பெரிய கோட்டை, சுற்றிலும் அகழி, 72 கொத்தளங்கள். கொத்தளத்துக்கு ஒருவராக 72 பாளையக்காரர்கள் பொறுப்பு. ஆளுக்கொரு மூலையைக் கொடுத்துவிட்டால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாதல்லவா? நிர்வாகம் என்றால் அது!

சுவர் நின்றது. திருடனும் நின்றானா? திருமலை நாயக்கர் மகாலிலேயே கூரையில் துளை போட்டு இறங்கி ராஜாவின் நகைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டானாம் ஒருத்தன். நகையைத் திருப்பிக் கொடுத்தால் ஜாகீர் தருகிறேன் என்று அறிவித்தார் நாயக்கர். அந்த அப்பாவி அதை நம்பிக் கொண்டுவந்து கொடுத்தான். சொன்ன சொல் தவறாமல் ஜாகீரைக் கொடுத்தார் ராஜா. கையோடு தலையையும் எடுத்துவிட்டார். அரசாங்க அறிவிப்பில் கண்டிஷன்ஸ் அப்ளை எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும், தம்பி.

1764-இல் இந்தச் சுவருக்கு நிஜப் பரீட்சை. உள்ளே யூசுப் கான் என்கிற மருதநாயகம். வெளியே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாப்பும். பீரங்கியால் அடித்துப் பார்த்தார்கள், ஏறிப் பார்த்தார்கள். சுவர் அசையவில்லை. கடைசியில் உள்ளே இருந்த அவருடைய ஆட்களே, அவர் தொழுகையில் இருந்த நேரம் பார்த்துக் கட்டிப்போட்டு வெளியே ஒப்படைத்தார்கள். அக்டோபர் மாதம் தூக்கில் போட்டார்கள். சுவர்மேல் குற்றமே சொல்ல முடியாது. அது வெளியே பார்த்தபடிதானே நின்றது?

நான் சமயநல்லூர்க்காரன். எங்கள் ஊர் கோட்டைக்கு வடமேற்கே, திண்டுக்கல் ரோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து எந்தப் படை வந்தாலும் முதல் தரிசனம் எங்களுக்குத்தான். எங்களுக்குச் சுவரும் கிடையாது, கொத்தளமும் கிடையாது. ஆகவே என் பேச்சில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஹீரோ என்ட்ரி. ஜான் பிளாக்பர்ன், 1834 முதல் 1847 வரை மதுரை கலெக்டர். இவர் வந்து பார்த்தபோது கோட்டைக்குள் ஜனம் பிதுங்கி வழிந்தது. அகழியில் பாசி பிடித்த தண்ணீர். 1809 முதல் 1811 வரை தென்மாவட்டங்களை ஒரு காய்ச்சல் வாட்டி எடுத்து, டாக்டர்கள் கமிட்டி போட்டு அறிக்கை எழுதிய அனுபவமும் ஊருக்கு இருந்தது. தேங்கிய நீரிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அந்தக் கால மருத்துவம் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது. சுவர் காற்றை மறிக்கிறது, அகழி காற்றைக் கெடுக்கிறது. இரண்டையும் ஒழித்துவிட்டால் ஊர் பிழைக்கும். காப்பாற்றக் கட்டியதிடமிருந்தே ஊரைக் காப்பாற்ற வேண்டிய நிலைமை!

பணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் மனுஷன் மூளையைப் பாருங்கள். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் மனை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பீரங்கிக்கு மசியாத கோட்டை, பிளாட்டுக்கு மசிந்தது. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நம்மவர்களைப் பார்த்திருந்தால் கம்பெனித் தளபதிகள் விக்கி விக்கி அழுதிருப்பார்கள்.

அளவு பிடித்தவர் மாரட் என்ற வெள்ளைக்கார சர்வேயர். இடிப்பு வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. இரண்டு பேர் பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. கோட்டையைக் கட்டிய கொத்தனார் ஒருத்தர் பெயராவது நமக்குத் தெரியுமா? இடித்த மேஸ்திரியைத்தான் தெரியும். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில் ரூம் எடுக்கும் வெளியூர்க்காரர்களுக்கு அதுவும் தெரியாது. சாமி பெருமாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களும் இருக்கலாம்.

அகழியைத் தூர்த்தது நல்லதுதான். காரணம்தான் தப்பு. கெட்ட காற்றுக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமே இல்லை, கொசுதான் ஆசாமி என்று ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். பிளாக்பர்ன் பதவியை விட்டுச் சரியாக 50 வருஷம் கழித்து. தப்பாக யோசித்துச் சரியாகச் செய்த அரசாங்கம் ஒன்றாவது இருந்ததே என்று சந்தோஷப்படுங்கள். பெரும்பாலும் உல்டாவாகத்தான் நடக்கும்.

நன்றியுள்ள மதுரை ஜனங்கள் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தார்கள். சிலையா? மண்டபமா? இல்லை, ஒரு விளக்குக் கம்பம். இன்று நாம் விளக்குத்தூண் என்கிறோமே, அது பிளாக்பர்ன் துரைதான். அந்த ஏரியாவுக்கே அதுதான் பெயர், அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். தீபாவளி சமயத்தில் ஜவுளி எடுக்க அங்கே அலைமோதும் கூட்டத்தில் ஒரு ஆளிடமாவது பிளாக்பர்ன் யார் என்று கேட்டுப் பாருங்கள். “எந்தக் கடைண்ணே?” என்பார்.

கோட்டையில் மிச்சம் இருப்பது பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மேலவாசலில் ஒரு துண்டுதான். ஆனால் 72 அவ்வளவு லேசில் சாகவில்லை. 1866-இல் நகராட்சி வந்தது, 1971-இல் மாநகராட்சி ஆனது. வார்டு எண்ணிக்கை ஏறி ஒரு கட்டத்தில் எங்கே வந்து நின்றது தெரியுமா? 72! விசுவநாத நாயக்கர் மேலிருந்து கைதட்டியிருப்பார். 2011-இல் பக்கத்து ஊர்களைச் சேர்த்து 100 வார்டு ஆக்கிக் கெடுத்துவிட்டார்கள். பரப்பளவு கிட்டத்தட்ட 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148-ஆக வீங்கியது. அந்த வீக்கத்திலும் சமயநல்லூர் உள்ளே இல்லை.

2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை இடம் பிடித்தது. மாசி வீதிகளைத் தோண்டினார்கள், பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள். தோண்டிய குழியைப் பார்த்து, பிளாக்பர்ன் தூர்த்த அகழி திரும்ப வந்துவிட்டதோ என்று பெரியவர்கள் மிரண்டிருந்தால் ஆச்சரியமில்லை. இப்போது கூட்டம் சேரும் இடமெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் சிசிடிவி. பாண்டியன் தனியாளாகப் பார்த்த வேலை. ஒரு வசதி, கேமரா யார் வீட்டுக் கதவையும் தட்டாது.

அடுத்த தடவை ஜவுளி எடுக்கப் போனால், விளக்குத்தூணை ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள். ஊரைப் பத்திரமாக்கப் பாடுபட்ட மனுஷன், நாம் காட்டுகிற மரியாதை அதுவாவது இருக்கட்டும். பார்க்கும்போது ஒரு கை மட்டும் பர்ஸ் மேல் இருக்கட்டும். இடுப்பில் நூலேணி கட்டியவர்களின் வாரிசுகள் அங்கே இன்னும் டூட்டியில் இருக்கிறார்கள்.