பேனட்டைத் திறந்து பார்த்த காலம்

கார் வாங்குவதற்கு எங்கள் பக்கத்தில் யாரும் தனியாகப் போனதாக எனக்கு நினைவில்லை. சேலத்தைத் தாண்டி மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று நாமக்கல் வரை நீளும் அந்த வெயில் காட்டில் ஒருவர் கார் வாங்க நினைத்துவிட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா ஒருவர், லாரி வைத்திருக்கும் மாமா ஒருவர், குஜராத்துக்கும் கல்கத்தாவுக்கும் லோடு அடித்த டிரைவர் ஒருவர், எல்லோருக்கும் மேலே பட்டறை மேஸ்திரி என்று ஒரு கூட்டமே கிளம்பிவிடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

எழுபதுகளில் புது வண்டி என்றால் அம்பாசடர், இல்லையென்றால் பியட். அந்தப் பியட்தான் பிறகு பிரீமியர் பத்மினி ஆயிற்று. பணத்தைக் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய வண்டிதான் வாய்த்தது. பழைய வண்டியைப் பார்ப்பது ஒரு கலை. மேஸ்திரி முதலில் ஒன்றும் பேசமாட்டார். மட்கார்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் மட்டுப்படும் இடத்தில் நின்று, "இங்க பட்டி பார்த்திருக்குதுங்க" என்பார். பேனட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நிமிடத்தில் தரகர்கூட மூச்சு விடமாட்டார். "ஏனுங்க, ரீபோர் பண்ணி எத்தன நாளாச்சுங்க?" என்று மேஸ்திரி கேட்டதும் விலை சில ஆயிரம் இறங்கிவிடும். டவுசர் போட்ட பையனாக அவர் பின்னால் நின்ற எனக்கு, வளர்ந்தால் இவரைப் போலக் காதால் வண்டி பார்க்கிற ஆளாக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இருந்ததில்லை.

இந்த அறிவு எங்கள் மண்ணில் சும்மா முளைத்ததல்ல. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் வரிசை வரிசையாக லாரிகள் என்று, மழை ஏமாற்றிய காட்டிலிருந்து எழுந்துவந்த ஜனங்கள் சக்கரத்தைப் பிடித்துத்தான் மேலே வந்தார்கள். வண்டி எங்களுக்குச் சோறு. அதனால்தான் அதைத் தொட்டு, முகர்ந்து, கேட்டு வாங்கினார்கள்.

இப்போது என் மகன் நடுத்தர அளவுச் சொகுசு எஸ்யூவி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான். பிஎம்டபிள்யூ எக்ஸ்3, பென்ஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ5, வோல்வோ எக்ஸ்சி60 என்று நான்கு பெயர்கள் வீட்டில் புழங்குகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 4.7 மீட்டர், பழைய அம்பாசடரைவிட ஏறக்குறைய ஒரு முழம் நீளம். ஆனால் அம்பாசடரின் பெஞ்ச் சீட்டில் முன்னால் மூன்று பேர், பின்னால் பெரியவர்களும் மடியில் பிள்ளைகளுமாக ஒரு குடும்பமே குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்தது. இவற்றில் ஐந்து பேர் உட்காரலாம், அவ்வளவுதான். வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசடரும் பம்பாயிலிருந்து பத்மினியும் வரக் காத்திருந்த நாம், ஜெர்மன் பெயர் தாங்கிய எக்ஸ்3 நம் செங்கல்பட்டுப் பக்கத்து மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டப்பட்டு வெளிவருவதைப் பார்க்கிறோம். 2007இல் தொடங்கிய ஆலை அது. இதில் எனக்கு நிஜமாகவே பெருமைதான்.

விலைதான் மலைக்க வைக்கிறது. இந்த அளவு வண்டிக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன் மேல் 22 சதவீத செஸ்ஸும் இருந்தது போய், 2025 செப்டம்பர் 22 முதல் மொத்தமாக 40 சதவீதம் என்றாகியிருக்கிறது. அதோடு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். எழுபது லட்ச ரூபாய் வண்டிக்கு அந்த ஒரு வரி மட்டும் 14 லட்சத்தைத் தொடும். அந்தக் காலத்தில் டியூ கட்ட முடியுமா என்று பைனான்ஸ்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று தலைமுறை விசாரிப்பார். இப்போது கடன் கிடைக்குமா என்பதைக் கைபேசி சொல்லிவிடுகிறது.

கோவையில் ஷோரூமுக்குப் போனோம், நானும் மகனும் மட்டும். குளிரூட்டிய கூடம், காபி, பணிவான ஒரு பெண் கையில் பலகை போன்ற திரை. உள்விளக்கு எத்தனை நிறம் மாறும் என்று அழகாகக் காட்டினார். பேனட்டைத் திறக்கச் சொன்னேன், திறந்தார். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் தெரிந்தது. பார்த்த ஒரு வண்டியில் ஸ்டெப்னியே இல்லை. காற்று போனாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓடிவிடும் டயராம். லாரிக்காரர் ஊரில் பிறந்த மனசு அதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கார அம்மா, தாழ்ந்த கார்களில் குனிந்து நுழையப் படும் பாடு இந்த உயரத்தில் இருக்காது. முன்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் போன பயணங்களை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. பேத்திக்கு பெல்ட்டும் காற்றுப்பையும் இருப்பதைவிட எனக்கு வேறு சொகுசு வேண்டாம்.

போனது வேறு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அம்பாசடர் பாதி மலைக்குள் கொதித்துவிடும். பேனட்டைத் தூக்கி வைத்து, ஈரத்துணியால் ரேடியேட்டர் மூடியைத் திருகி, ஆவி அடங்கும்வரை வளைவுச் சுவரில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்போம். கீழே சமவெளி முழுவதும் தெரியும், ஏரிகள் எது எது என்று பெரியப்பா விரல் நீட்டிச் சொல்லுவார், மேலேயிருந்து இறங்கும் வண்டியில் பலாப்பழ வாசனை வரும். நாலைந்து மடங்கு குதிரைத்திறன் கொண்ட புது வண்டி அங்கெல்லாம் நிற்கவே நிற்காது. நிறுத்தச் சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள்.

மகனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகும்போது, இன்னும் பட்டறைக்கு வந்துபோகும் எங்கள் மேஸ்திரியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் மூடிக்கு மேலே அவருக்கு எதுவும் கேட்காமல் போகலாம். பரவாயில்லை, திரும்பும் வழியில் பெருந்துறையில் நிறுத்தி டீ குடித்துக்கொண்டே, வண்டி எப்படி என்று அவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்டுவோம்.